லயத்துக்கு அடியில் கேட்ட சத்தம்

பிள்ளைகளே, நீங்கள் பிறக்கும் முன், கனிமம் தேடி எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த யாழ்ப்பாணத்து ஐயாவுக்குக் கம்பிச்சுருள் தூக்கினேன். அந்தச் சுருளில் மின்சாரம் திசை மாறி மாறி ஓடினால், மண்ணுக்குள் இருக்கும் உலோகத்திலும் மின்சாரம் கிளம்பும். அதை ஐயா இன்னொரு சுருளால் பிடித்துக் காதுக்கருவியில் கேட்பார்.

நாங்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்தின் வாசலில் சத்தம் மாறியது என்றார் ஐயா.

"ஏங்க, இங்க சுரங்கம் வெட்டுனா நம்மள எங்க வெரட்டுவாங்க?" என்றாள் உங்கள் அம்மா. குடியுரிமையும் இல்லாத எங்களுக்குப் போக்கிடம் ஏது?

"சத்தம் நேர்கோட்டிலை போகுது. கீழை ஏதும் குழாய் இருக்கோ?" என்று ஐயா கேட்டார்.

"நாம தண்ணி புடிக்கிற பீலிக்கு இரும்புக் குழாய் போகுதுங்க!" என்றாள் அவள்.

"அப்ப அதுதான் கத்துது."

லயத்துக்குப் பின்னால், குழாய் இல்லாத இடத்திலும் கேட்டுப் பார்த்தார். "ஒண்டுமில்லை" என்று அவர் சொன்ன பிறகுதான் சுருளைக் கீழே இறக்கி வைத்தேன்.