பாடி காலி, சப்ஜெக்ட் மட்டும் வந்திருக்கு

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவனை டாக்டர் மாதிரி நடத்துவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தண்ணீர் வராத நாளில் வருகிற பிளம்பர் மாதிரிதான் நடத்துவார்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. ஐ.டி. டிபார்ட்மெண்ட் என்றால் அது நான் ஒருத்தன்தான். எங்கள் கம்பெனியில் லீவு கேட்பதற்கென்றே மெயில் சாஃப்ட்வேருக்குள் தனியாக ஒரு ஃபாரம் உண்டு. சாதா மெயிலில் கேட்டால் லீவு கிடையாது. அந்த ஃபாரத்தைப் புதுசாக டிசைன் செய்து கொடுத்த மகானுபாவன் மறுவாரமே வேறு கம்பெனிக்குப் பறந்துவிட்டான். அவன் வாங்க வேண்டிய திட்டையெல்லாம் நான் வாங்குகிறேன். என்னைப் போல ஹெல்ப்டெஸ்க்கில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, பிரகாஷின் கல்யாண லீவுக்காக நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

பாடி எங்கே?

பிரகாஷ் மெஷின் ஆபரேட்டர். திருப்பாச்சூர்க்காரன். கல்யாணத்துக்கு மண்டபம் பேசியாகிவிட்டது, பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, லீவு மட்டும்தான் பாக்கி. லீவு கிடைக்காமல் போனால் ஆப்சென்ட். கான்ட்ராக்டில் இருக்கிறவனுக்கு ஆப்சென்ட் என்றால் திரும்பி வராதே என்று அர்த்தம். ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பயபக்தியோடு ஃபாரத்தை நிரப்பி அனுப்பினான். வடக்கேயிருந்து வந்து தமிழ் பழகிய ஹெச்.ஆர். மேனேஜர் திரிபாதி சார் திறந்தால் மேலே ‘லீவு’ என்று ஒரு வரி, கீழே வெறும் வெள்ளை. மெயில் பாஷையில் மேலே இருப்பது சப்ஜெக்ட், கீழே இருக்க வேண்டியது பாடி. அனுப்புகிறவர் பார்க்கும் பக்கம் வேறு, படிக்கிறவர் பார்க்கும் பக்கம் வேறு. மகானுபாவன், படிக்கிறவர் பக்கத்தில் கட்டங்களை வைக்கவே மறந்து தொலைத்திருந்தான்.

இந்தக் காரணம் தெரிவதற்கு முன்னால், திரிபாதி சார் போனில் திட்டி முடித்த கையோடு, புதுவாயல் டீக்கடையில் நாஷ்டா பண்ணிக்கொண்டிருந்த எனக்கு ஸ்டோர்ஸ் தனலட்சுமி அக்கா போன் போட்டு, பிரகாஷ் லீவு என்னாச்சு என்று கேட்டார். லாரி சத்தத்தில் நான் கத்தினேன்: “பாடி வரலக்கா! சப்ஜெக்ட் மட்டும்தான் வந்திருக்கு. பாடியை இன்னொரு தபா அனுப்பச் சொல்லு!” போனை வைத்தேன். கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது. பக்கத்து பெஞ்சுக்காரர் தன் வடையைக் கீழே வைத்துவிட்டு என் தோளைத் தொட்டார். “மார்ச்சுவரில பேஜார் பண்றானுங்களா நைனா? அங்க நம்ம ஆளு ஒர்த்தன் கீறான். சொல்லி ஒடனே வாங்கித் தரேன், நீ மொதல்ல டீயைக் குடி.”

கேஷ் விவகாரம்

ஓடிப்போய் ஃபாரத்தைச் சரி செய்தேன். என் கம்ப்யூட்டரில் அழகாக வந்தது. ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரிலோ அதே பழைய ஃபாரம் பல்லைக் காட்டியது. பழைய காப்பியை இந்த சாஃப்ட்வேர் தனக்குள் பதுக்கி வைத்துக்கொள்ளும். அந்தப் பதுக்கலுக்குப் பெயர் ‘கேஷ்’. அதைக் காலி செய்தால்தான் புதுசு வரும்.

தனலட்சுமி அக்கா ஸ்டாக் எண்ணிக்கொண்டிருந்தார். சீட்டை விட்டு எழுந்திருக்கச் சொல்ல வேண்டும். அவசரத்தில், “அக்கா, கொஞ்சம் தள்ளு, கேஷை க்ளியர் பண்ணணும்” என்றேன். அக்கா மேஜை டிராயரைப் பட்டென்று சாத்தி, அதன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். “இன்னாபா, வந்ததும் வராததுமா கேஷை க்ளியர் பண்றேன்ற? மாசக் கடைசில நானே ஜிபே பண்ணிகினு கீறேன், போ அந்தாண்ட!”

அங்கிள்

ஒருவழியாகப் புது ஃபாரம் வந்தது. காரணம் ‘கல்யாணம்’ என்று தேர்ந்தெடுத்தால், ‘உறவு’ என்று அடுத்த கட்டம் திறக்கும். பிரதர், சிஸ்டர், கசின், அங்கிள். அவ்வளவுதான். கல்யாணம் தனக்கே நடக்கலாம் என்பது டிசைன் செய்தவன் மண்டைக்கு எட்டவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பவும் முடியாது.

பிரகாஷ் ரொம்ப நேரம் யோசித்திருக்கிறான். பொண்ணு கவிதா அவனுக்குச் சொந்த அத்தை மகள். சின்ன வயசிலிருந்து இவனை ‘மாமா, மாமா’ என்றுதான் கூப்பிடுகிறது. மாமாவுக்கு இங்கிலீஷ் அங்கிள். எனவே அங்கிளைத் தட்டி அனுப்பிவிட்டான். திரிபாதி சாரிடமிருந்து உடனே பதில்: ‘அங்கிளுக்கு ஒரு நாள் போதும்.’ பயல் கிரீஸ் கையோடு என் ரூமுக்கு ஓடி வந்தான். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. “அவ என்னை மாமான்னு தான சார் கூப்புடுது? அப்ப நான் அங்கிள் தான? தாலியைக் கட்டிட்டு மறுநாளே நைட் ஷிஃப்ட்டுக்குக் கெளம்புனா, என்னைப் பத்தி அது இன்னா சார் நெனைக்கும்?”

எல்லாரும் மாப்பிள்ளை

உறவுப் பட்டியலில் முதல் ஆளாக ‘மாப்பிள்ளை’ என்று சேர்த்தேன். பிரகாஷ் மறுபடி அனுப்பினான். நானும் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். வேறு யாரும் தட்டப்போவதில்லையே. ஆனால் உறவுக் கட்டம் திறக்காவிட்டாலும், பட்டியலில் முதலில் இருப்பது தானாகவே ஃபாரத்தில் விழுந்துவிடும் என்பதை மறந்துவிட்டேன். மறுநாள் காய்ச்சல், வண்டி ரிப்பேர், ரேஷன் கார்டு என்று லீவு போட்ட அத்தனை பேரும் மாப்பிள்ளை! கம்பெனியே கூட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்புகிறது என்று கடுப்பான திரிபாதி சார், மொத்தத்தையும் நிராகரித்துவிட்டார். அசல் மாப்பிள்ளையும் அதில் அவுட்.

முதலில் சண்டைக்கு வந்தவர் கேன்டீன் சம்பந்தம் அண்ணன். ரிட்டயர் ஆகப்போகிறவர். கண் ஆபரேஷனுக்கு லீவு கேட்டிருந்தார். செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். “கண்ணு தெரிலன்னு லீவு கேட்டா மாப்ளன்னு போட்டுக்கீதே, இதை என் ஊட்டுக்காரி பாத்தா மீதிக் கண்ணும் போயிடும்பா!”

மாமாவா, மாப்பிள்ளையா?

இனி ஃபாரத்தை நம்பிப் பிரயோஜனம் இல்லை. பிரகாஷை இழுத்துக்கொண்டு திரிபாதி சார் ரூமுக்குப் போனேன். அவர் பிரகாஷின் இரண்டு ஃபாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்திருந்தார். இரண்டிலும் பொண்ணு பெயர் கவிதா. “அதே பொண்ணு. முதல்ல அங்கிள், இப்ப மாப்பிள்ளை. ஃபாரம் தப்பா, பையன் தப்பா?” என்றார். நான் பேப்பர் எடுத்து அத்தை, மாமன், முறைப்பொண்ணு என்று கோடு போட்டு விளக்கினேன். விளக்கி முடிக்கும்போது பிரகாஷ் தனக்குத்தானே மாமனார் ஆகியிருந்தான். திரிபாதி சார் தலையைப் பிடித்துக்கொண்டார். பிரகாஷுக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைசியில் அவனே போனை எடுத்து அத்திப்பட்டில் இருக்கும் கவிதாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, மேஜை மேல் வைத்தான். திரிபாதி சார் தன் சந்தேகத்தைக் கேட்டார். அந்தப் பெண் கொஞ்சமும் பயப்படவில்லை. அவள் பேசி முடித்ததும் அவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மெயிலை மூடிவிட்டு, என் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கி, அதன் மேலேயே பேனாவால் ‘பத்து நாள் சாங்ஷன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் சொன்னது இதுதான்: “பொறந்ததுலேந்து அவரு எனக்கு மாமா சார், ஞாயித்துக்கெழமதான் மாப்ள. நீங்க லீவு குடுக்கலன்னா கடைசி வரைக்கும் வெறும் மாமாவாவே நின்னுடுவாரு!”

மெயிலில் வருகிற எந்தக் கோளாறையும் ராத்திரிக்குள் சரி பண்ணிக் கொடுத்துவிடுவேன், நம்ம ஊர் சொந்தபந்தத்தை ஒரு சின்னக் கட்டத்துக்குள் அடைக்கச் சொன்னால் மட்டும் அன்றைக்கு நான் லீவு.