மூன்று ஹெர்ட்ஸ் கூடுதல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது பட்டப்பகலில், இரண்டு பேர் கண் முன்னால்.

பழைய அளவைக் கருவிகளைப் பழுது பார்க்கும் கடை அது. அண்ணியும் கொழுந்தனும் மட்டுமே வேலை செய்தார்கள். ஒரு ஆய்வுக்கூடத்திலிருந்து அலைவெண்ணை அளக்கும் நாற்பது வருடப் பழைய ஃப்ரீக்வென்சி கவுன்ட்டர் வந்தது. அதனுள்ளே, அளவு தப்பாமல் அதிர்வதற்கு ஒரு கிரிஸ்டல். அதை எப்போதும் ஒரே சூட்டில் வைத்திருக்க, கைக்குள் அடங்கும் ஒரு ஓவன். அந்த ஓவன் சூடாகவில்லை. அண்ணி உள்ளே கருகிக் கிடந்த ஃபியூஸை மாற்றினாள். இரண்டு நாள் சூடேற விட்டாள். பிறகு செயற்கைக்கோள் சிக்னலோடு ஒப்பிட்டு, அதிர்வைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் திருப்பி, துல்லியமாக நிறுத்தினாள்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், மூன்று ஹெர்ட்ஸ் கூடியிருந்தது.

மறுபடி சரிசெய்தாள். அடுத்த நாளும் அதே மூன்று. கிரிஸ்டல் தானாக விலகினால் கொஞ்சம் கொஞ்சமாக விலகும், இப்படிச் சொல்லிவைத்த மாதிரி விலகாது. யாரோ திருப்புகிறார்கள். கடையில் அவளைத் தவிர இருப்பதோ ஒரே ஒருவன்.

"நான் இல்லாதப்ப இதைத் தொட்டியா?"

"இல்ல அண்ணி."

"பின்ன, தானா திரும்பிச்சா?"

அவன் முகம் சுண்டிப்போனது.

அவள் விடவில்லை. மறுபடி சரிசெய்து, திருகு இருக்கும் துளையின் மேல் தாள் ஒட்டிக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் தாள் கிழியவில்லை. ஆனால் அதே மூன்று ஹெர்ட்ஸ்.

சரிசெய்து, புதுத் தாள் ஒட்டினாள். நாலாம் நாள் இருவருமே சாப்பிடப் போகவில்லை. எதிரும் புதிருமாக உட்கார்ந்து திரையையே பார்த்தார்கள்.

மணி ஒன்று இருபது.

க்ரிக்...

எண் நகர்ந்தது. ஒன்று. இரண்டு. நான்கு...

பின்வாங்கி, மூன்று. நின்றது.

பழகிய கை திருகைக் கொஞ்சம் தாண்ட விட்டுப் பின்னுக்கு இழுக்குமே, அப்படி.

"அண்ணி..."

"பேசாதே."

தாளைப் பிரித்தாள். திருகின் வெட்டில் இரும்பு பட்ட கீறல், புதிதாகப் பளபளத்தது. அவள் பிளாஸ்டிக் திருப்புளியைத் தவிர வேறெதாலும் அதைத் தொட்டதில்லை.

"உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன்டா" என்றாள் மெல்ல.

ஆய்வுக்கூடத்துக்கு ஃபோன் செய்தாள்.

"இதை முன்னாடி யாரு பார்த்துக்கிட்டாங்க?"

"எங்க பழைய டெக்னீஷியன். இருபத்தாறு வருஷம், வேற யாரையும் தொட விடமாட்டார். அவர் தவறி ஆறு மாசமாச்சு. அதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது, அவர் ஒப்பிட்டுப் பார்த்த கருவியே தப்பா இருந்திருக்கு. மூணு ஹெர்ட்ஸ் கூட. பாவம், கடைசி வரைக்கும் அவருக்கே அது தெரியாது."