எழுத்துக்கூட்டி டீச்சர்

பள்ளிக்கூடத்தில் அவருக்கு 'எழுத்துக்கூட்டி டீச்சர்' என்று பெயர். வைத்தது சக ஆசிரியர்கள்தான். பிள்ளைகளுக்கு அந்த அளவு குறும்பு போதாது. மேல் வகுப்புக்கு வந்த பிறகும் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளை, விளையாட்டுச் சாமான்கள் கிடக்கும் சின்ன அறையில் உட்காரவைத்து வாசிக்கப் பழக்குவது அவர் வேலை. காற்றுப்போன பந்துகளுக்கு நடுவே நாள் முழுக்கக் கத்திவிட்டு வீட்டுக்குப் போனால், கணவரிடம் சைகையில்தான் பேச்சு. "இந்த வேலைய மட்டும் விட்டுடாத" என்பார் அந்த மனிதர்.

இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பிலிருந்து வாயாடி ஒருத்தி வந்து சேர்ந்தாள். பேச்சில் ஊரையே விற்றுவிடுவாள். புத்தகத்தை நீட்டினால் வயிற்றுவலி வந்துவிடும். மாதக் கடைசியில் தலைமையாசிரியை முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் எட்டாம் வகுப்புக்கு இறக்கிவிடுவார்கள். அங்கே அவள் தங்கை படிக்கிறாள். "அவ பக்கத்துல உக்காரறதுக்கு நான் படிப்பையே நிறுத்திடுவேன்" என்றாள் வாயாடி. அவள் சிரிக்காமல் சொன்ன ஒரே பேச்சு அதுதான்.

பாடத்தை முதலில் தானே உரக்க வாசித்துவிட்டு, பிறகு பிள்ளையை வாசிக்கவைப்பது டீச்சரின் வழக்கம். கொஞ்ச நாளிலேயே வாயாடி மடமடவென்று வாசித்தாள். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நாள் மின்விசிறிக் காற்றில் பக்கம் தானாகப் புரண்டது. அவள் பாட்டுக்குப் பழைய பக்கத்தையே ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் மனப்பாடமா?"

"நீங்க வாசிச்சாலே மனசுல ஒட்டிக்குது டீச்சர். நான் என்ன பண்றது?"

டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதில் முக்கால்வாசி தன் மேல்தான். மறுநாளிலிருந்து தினமும் புதுப் பக்கம், அவர் வாயே திறப்பதில்லை. சொல் வராமல் அவள் முழிக்கும்போது எடுத்துக்கொடுக்க நாக்கு துறுதுறுக்கும்; பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மாதக் கடைசி வந்தது. தலைமையாசிரியை பாடப்புத்தகத்தைத் தள்ளிவைத்துவிட்டு, மேசையில் கிடந்த செய்தித்தாளை எடுத்து நீட்டினார். யாரோ வளர்த்த நாய் காணாமல் போன செய்தி. வாயாடி விரல் வைத்து வாசித்தாள். 'அக்கம்பக்கத்தினர்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டாள், நிறுத்தினாள், முதலிலிருந்து கூட்டி முழுசாகச் சொல்லி முடித்தாள்.

"ரொம்பத் திக்கறாளே" என்றார் தலைமையாசிரியை.

"திக்கட்டும் மேடம். இவ மனப்பாடமா ஒப்பிச்சா திக்கவே மாட்டா."

"சரி, போதும்" என்று தலைமையாசிரியை செய்தித்தாளுக்குக் கை நீட்டினார். வாயாடி கொடுக்கவில்லை.

"இருங்க மேடம். நாய் கிடைச்சுதான்னு பாத்துட்டுத் தர்றேன்."

அவள் விரல் அடுத்த வரிக்குப் போய்விட்டிருந்தது. தலைமையாசிரியை கையை இழுத்துக்கொண்டு, "ஒன்பதாவதுலயே இருக்கட்டும்" என்றார்.

அப்பாடா என்று இருந்தது டீச்சருக்கு. யாரும் சொல்லாமலே எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வாயாடி இதையெல்லாம் கவனிக்கவே இல்லை. நாய் இன்னும் கிடைத்தபாடில்லை.