சத்தம் இல்லாத மானிட்டர்

செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். லைனில் வரும் எந்தப் பொருளையும் கெட்டது என்று நினைத்துத்தான் கையில் எடுக்க வேண்டும், நல்லது என்று அது நிரூபித்துக்கொள்ளட்டும் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். வேலைக்கு நல்ல குணம். வீட்டுக்கு வரும்போது அதைக் கழற்றி வைத்துவிட்டு வரத்தான் எனக்குத் தெரியவில்லை.

போன வருடம் என் கணவர் ஒரு கேம் கன்சோல் வாங்கிக்கொண்டு வந்தார். அவருக்கு வயது ஐம்பத்தொன்று. சிங்கப்பூரில் கிடங்கு வேலை. விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை என்றால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்.

"வேல எடத்துல எல்லாருகிட்டயும் இருக்கு லா. ஞாயித்துக்கெழம சும்மாதான இருக்கேன்," என்றார்.

கிடங்கில் மூட்டை தூக்குகிற ஆண்கள் எல்லாரும் கேம் விளையாடுகிறார்களாம். நம்புவதற்கு நான் என்ன நேற்றுப் பிறந்தவளா?

ஹாலில் பெரிய டிவி இருக்கிறது. அதில் மாட்டவில்லை. நேராக மகளின் அறைக்குக் கொண்டுபோய், அவள் விட்டுச்சென்ற பழைய கம்ப்யூட்டரின் மானிட்டரில் மாட்டினார். மகள் பினாங்குக்குப் போய் அப்போது ஆறு மாதம். போவதற்கு முன் ஒருநாள் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய போனை எடுத்துப் படித்தேன். அதில் அடிக்கடி வந்த ஒரு பையனின் எண்ணுக்கு அழைத்து, யார் எவர் என்று விசாரித்தும் விட்டேன். கூட வேலை செய்கிறவன், அவ்வளவுதான் என்று அவள் சொன்னதை நான் நம்பவில்லை. வேலையை மாற்றிக்கொண்டாள், ஊரை மாற்றிக்கொண்டாள், போன் எண்ணையும் மாற்றிக்கொண்டாள். புது எண்ணை எங்கள் இருவருக்குமே தரவில்லை என்றார் கணவர். அவருடைய போனை நான் தினமும் பார்ப்பேன். அதில் அவள் எண் இல்லை. ஆகவே அதை மட்டும் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை சரியாக நாலு மணிக்கு அந்த அறைக்குள் போய்விடுவார். கதவைப் பாதி சாத்துவார். கையில் இருக்கும் கன்ட்ரோலரில் ஹெட்செட் வயரைச் செருகி, காதை மூடிக்கொள்வார். திரையில் இரண்டு பொம்மை மனிதர்கள் ஒரு தோட்டத்தில் காய்கறி நட்டுக்கொண்டிருப்பார்கள். ஒன்று இவர். இன்னொன்று யார் என்று கேட்டதற்கு, "யாரோ ஆன்லைன்ல" என்றார். அந்த யாரோவிடம் மெதுவாகச் சிரிக்கிறார். ஒருநாள் துணி எடுத்து வைக்கிற சாக்கில் கதவோரம் போனேன். "சாப்டியாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் வேலை முடிந்து வந்தால், "சோறு ஆச்சா" என்று கேட்பாரே தவிர, சாப்பிட்டாயா என்று கேட்டு எத்தனை வருடம் ஆகிறது. இருபத்து நாலு வருடக் குடும்பம். வேறு ஒரு பெண் இருக்கிறாள் என்றால் எனக்குத் தெரிந்தாக வேண்டும், தெரிந்த பிறகு நான் இந்த வீட்டில் இருப்பேனா மாட்டேனா என்பது வேறு விஷயம்.

"எதுக்கு இந்த ஹெட்செட்? வீட்ல நான் மட்டும்தான இருக்கேன்," என்றேன்.

"மானிட்டர்ல ஸ்பீக்கர் இல்ல. சத்தம் வராது. அதான்."

பதில் தயாராக இருந்த வேகமே எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் ஓவர்டைம் போயிருந்தபோது மானிட்டரைத் திருப்பிப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான், அதில் ஸ்பீக்கர் இல்லை. உண்மையைச் சொல்லிப் பொய்யை மறைக்கிறவர்களும் உண்டு. மகளின் மேசைக்கு அடியில் இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள் தூசி படிந்து கிடந்தன. துடைத்து, எப்போதும் போல அவற்றின் பச்சை முனையைக் கம்ப்யூட்டர் பெட்டியின் பச்சை ஓட்டையில் செருகினேன். கன்சோலைப் போட்டேன். படம் வந்தது, சத்தம் வரவில்லை. இவர்தான் எதையோ அமுக்கி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். தொழிற்சாலையில் செய்வதுபோல ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஸ்பீக்கரை என் போனில் மாட்டினேன், பாடியது. ஸ்பீக்கர் நல்லது. அப்படியானால் திருட்டு வேறு எங்கோ இருக்கிறது.

என்னோடு வேலை செய்யும் மலாய்க்கார அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் வீட்டில் இரண்டு கன்சோல் இருக்கின்றன. எங்கே செருகினேன் என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கன்சோலில் இருந்து வயர் நேராக மானிட்டருக்குத்தான் போகிறது, கம்ப்யூட்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, படத்தோடு சத்தமும் அதே வயரில் மானிட்டருக்குள் போய்விடுகிறது, மானிட்டருக்குப் பின்னால் ஹெட்போன் செருகும் ஓட்டை இருக்கும், அதில் செருகு என்றார். தடவிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில், குனிந்தால் மட்டும் தெரிகிற இடத்தில் அந்த ஓட்டை இருந்தது. செருகியதும் தோட்டத்துப் பாட்டு அறை முழுக்கக் கேட்டது. ஹெட்செட்டைப் பிடுங்கிவிட்டால் பேசுகிறவர் குரலும் இதில்தான் வருமா என்று கேட்டேன்.

"வரும். யாரோட குரல்?" என்றார் அக்கா. சும்மா கேட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம், "உங்களுக்கு ஸ்பீக்கர் மாட்டிட்டேன், இனிமே காது வலிக்காது," என்றேன். "தேங்க்ஸ்," என்றார். முகத்தில் தேங்க்ஸ் இல்லை. எனக்கு அது போதுமாயிருந்தது.

மறுநாள் மூன்றரைக்குச் சேலை கட்டிக்கொண்டு, கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். ஹெட்செட் என் கைப்பைக்குள் இருந்தது. எங்கள் தாமான் குடியிருப்பின் கடைசிச் சந்தில் காரை நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறைக் கதவு வழியாக உள்ளே வந்தேன். சாமிக்குக் கட்டிய சேலையில் என் வீட்டுக்குள் நானே திருடிபோல நுழைந்தேன். வெட்கமாக இருந்தது, ஆனால் திரும்பிப் போகவில்லை.

நடையில் நின்றேன். அவர் இழுப்பறைகளைத் திறந்து திறந்து மூடுவது கேட்டது. பிறகு தோட்டத்துப் பாட்டு. அதற்கு மேல் ஒரு குரல் வந்தது.

"அப்பா, ஏன் சத்தம் ஒரு மாதிரி வருது?"

என் மகள். வேறு பெண் இல்லை என்ற நிம்மதி ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. அவர்கள் என்னிடம் மறைத்தது இதைத்தான். நான் பார்க்கும் போனில் இல்லாத ஓர் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, வாரம் ஒருமுறை காய்கறி நட்டுக்கொண்டு பேசியிருக்கிறார்கள்.

"ஹெட்செட்ட காணோம்மா. கன்ட்ரோலர் மைக்ல பேசுறேன், நீ பேசுறது ஸ்பீக்கர்ல வருது. பயப்படாத, அம்மா கோயிலுக்குப் போயிட்டாங்க."

"போனத பாத்தீங்களா?"

"கார் சத்தம் கேட்டுச்சு."

"ஹெட்செட் தானா எங்கப்பா போவும்? அம்மா எடுத்திருப்பாங்க. அவங்க வீட்டுலதான் இருக்காங்க."

நாற்காலி தரையில் உரசும் சத்தம் கேட்டது. அவர் கதவைத் திறந்தார். கையில் செருப்போடு நின்ற என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். விலகி வழி விட்டார்.

"அம்மா," என்றது ஸ்பீக்கர். "எவ்ளோ நேரமா நிக்கிறீங்க?"

"இப்பதான் வந்தேன்."

"ம்," என்றாள்.

அந்த 'ம்' எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு அவள் தாமதமாக வந்த ஒவ்வொரு நாளும் காரணத்தை முழுசாகக் கேட்டுவிட்டு நான் சொன்ன 'ம்' அது. ஒரு சொல்கூட நம்பவில்லை என்று அதற்குப் பொருள். கேட்கிறவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

திரையில் அவளுடைய பொம்மை தோட்டத்தின் நடுவே அசையாமல் நின்றது. ஒரு பட்டனை அமுக்கினால் போய்விடுவாள்.

"இல்லம்மா," என்றேன். "மொதல்லேர்ந்தே நிக்கிறேன்."

அவள் போகவில்லை.