ஒன்பது நிலைக் கோபுரமும் கிதிர் முகம்மதுவின் வில்லையும்

கிதிர் முகம்மது தென்காசி ரயிலடியில் இருபது வருஷம் குதிரை வண்டி ஓட்டியவர். அந்த இருபது வருஷமும் பொய் சொன்னவர். சாரல் காலத்தில் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு, போகிற வழியெல்லாம் ஊர்க்கதை சொல்வார். அருவி நடுவே இருக்கும் பொங்குமாங்கடல் பள்ளத்தில் விழுந்த யானை ஒன்றின் கழுத்துமணி ஸ்ரீவைகுண்டத்தில் கரையேறியதாம். கேட்டவர்கள் மகிழ்ந்து போய்க் கூலிக்கு மேல் கொடுத்தார்கள். ஆனால் பொய்க்கு அவர் ஒரு வரம்பு வைத்திருந்தார். கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கண்ணெதிரே நிற்பதைப் பற்றி மட்டும் பொய் சொல்லக் கூடாது. வண்டியில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கண் இருக்கிறதே.

1961இல், சாரலுக்கு முன்னால், பயணிகள் வரவேற்புக் குழு என்று ஒன்று முளைத்தது. சட்டையில் வழிகாட்டி வில்லை குத்தாதவன் ரயிலடிக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது. வில்லை வேண்டுமென்றால் வட்டாரப் பூகோளத்திலும் சரித்திரத்திலும் பரீட்சை. படிக்க ஒரு சின்னப் புத்தகம். அதையே பயணிகளுக்கும் விற்றார்கள். எழுதியவர் சிவசுப்பிரமணியன் என்ற ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர், தஞ்சாவூர்க்காரர். பழைய புத்தகங்களையெல்லாம் பார்த்து எழுதியிருந்தார். ஊரைப் பார்க்கத்தான் நேரம் கிடைக்கவில்லை. பரீட்சை வைப்பவரும் அவரே.

கிதிர் முகம்மதுவுக்கு அந்தப் புத்தகத்தைத் தொடவே கூசியது. சக வண்டிக்காரன் பேச்சிமுத்து அதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டு திரிந்ததைக் கேட்க இன்னும் கூசியது.

"ஏலே, தேனருவிக்கு ஒரு நாளாவது போயிருக்கியா நீ?"

"எதுக்கு பாய் போவணும்? பதினேழாம் பக்கத்துல இருக்குல்லா."

வீட்டில் மனைவி ஹாஜரா பீவிக்குக் கூச்சமெல்லாம் கிடையாது. "சாரல் மூணு மாசம். அதுல ஓட்டுத ஓட்டந்தான் வருசம் பூரா நமக்குச் சோறு. வில்லைய வாங்கிட்டு வாங்க" என்றாள்.

பரீட்சை ரத வீதியில் ஒரு மாடியறையில் நடந்தது. சிவசுப்பிரமணியன் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஜன்னல் நிறையக் கோயில் கோபுரம். என்றைக்கோ இடி விழுந்து, நடுவில் பிளந்து, மேலே ஒன்றுமில்லாமல், இடுக்கெல்லாம் செடி முளைத்து நின்றது.

"குற்றாலத்தில் அருவிகள் எத்தனை?"

"ஒம்பது."

அந்த ஒன்பதில் ஒன்றான பாலருவி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் மாடியறையிலிருந்து அது தெரியவில்லை. ஆகவே சொல்லலாம்.

"செங்கோட்டை நம்மோடு சேர்ந்தது எப்போது?"

"அம்பத்தாறு, நவம்பர் ஒண்ணு." புத்தகத்தில் இப்படி ஓர் உண்மையும் இருந்ததில் அவருக்கே ஆச்சரியம்.

"காசி விசுவநாதர் கோயில் கோபுரம் எத்தனை நிலை?"

கிதிர் முகம்மது ஜன்னலைப் பார்த்தார். "ஐயா, கொஞ்சம் திரும்பிப் பாத்தீங்கன்னா…"

"பதில் புத்தகத்தில் இருக்கிறது. ஜன்னலில் இல்லை."

வாயில் கசப்பாக எச்சில் ஊறியது. ஹாஜராவின் சோற்றுக் கணக்கை நினைத்து அதை விழுங்கினார். "ஒம்பது நிலை."

பித்தளை வில்லை கிடைத்தது. பளபளவென்றுதான் இருந்தது. ஒட்டுண்ணியைச் சட்டையில் குத்திக்கொண்ட மாதிரி இருந்தது அவருக்கு.

வில்லை குத்திய பதினோராம் நாள் விருதுநகர் வியாபாரி ஒருவரும் அவர் மனைவியும் வண்டியில் ஏறினார்கள். வியாபாரி கையில் அந்தப் புத்தகம்.

"ஒன்பது நிலைக் கோபுரம்னு போட்டிருக்கே, எதுப்பா அது?"

புத்தகத்தை மறுத்துப் பேசினால் புகார். புகார் போனால் வில்லை போய்விடும். கிதிர் முகம்மது சாட்டையை நீட்டிக் காட்டினார். "அங்கன நிக்கில்லா அண்ணாச்சி, அதான். ஒம்பது நிலை."

அந்த அம்மாள் பிளந்த கோபுரத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து அவர் கண்களை உற்றுப் பார்த்தாள். புருஷனிடம் மெதுவாகச் சொன்னாலும் அவருக்குக் கேட்டது.

"பாவம், பார்வை போன மனுசன். இவரை நம்பியா இந்த ரோட்டுல போறது? இறங்குங்க."

இறங்கிப் பேச்சிமுத்துவின் வண்டியில் ஏறிக்கொண்டார்கள். போகுமுன் அவள், குருடனுக்குக் கொடுப்பதுபோல, அவர் கையைப் பிடித்து விரித்து ஒரு நாலணாவை வைத்து விரல்களை மூடிவிட்டுப் போனாள்.

இருபது வருஷத்தில் யானை மணியை ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. பேச்சிமுத்துவைப் பார்க்கவும் அவருக்கு அருவருப்பாக இருந்தது, தஞ்சாவூர்க்காரரை நினைக்கவும் அருவருப்பாக இருந்தது. எல்லாவற்றையும் விட, சாட்டையை நீட்டிய தன் கையைப் பார்க்க. அப்படியே வண்டியைத் திருப்பிக் குழு அலுவலகத்துக்குப் போய் வில்லையை மேஜைமேல் வைத்தார்.

எழுத்தர் குற்றாலிங்கம் பேனாவை எடுத்தார். "காரணம் எழுதணுமே பாய். என்னன்னு போட?"

"பார்வைக் கொறவுன்னு போடுங்க."

குற்றாலிங்கம் தலை நிமிராமல் அப்படியே எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு குதிரை சாகிறவரை இலஞ்சித் தோப்புகளிலிருந்து தென்காசிச் சந்தைக்குத் தேங்காய் ஏற்றினார். கூலி பாதிதான். ஹாஜரா பீவி அதை ஒவ்வொரு சாரலுக்கும் சொல்லிக் காட்டினாள்.

"ஒம்பதுன்னு ஒரு வார்த்த. சொன்னா ஒங்க நாக்கு அழுகிருமா?"

"சொன்னேன்ட்டி" என்றார் அவர். "கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டேல்லா சொன்னேன்."