அப்பா கையில் சிங்கப்பூர் மணி

என் அப்பா பூதலூர் பக்கத்தில் விவசாயம் பார்க்கிறவர். ஆனால் அவர் கை வாட்சில் ஓடுவது சிங்கப்பூர் மணி. நமக்குக் காலை ஆறு என்றால் அவருக்கு எட்டரை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் முதல் லீவில் வந்தபோது, தான் கட்டியிருந்த வாட்சைக் கழற்றி அப்படியே அப்பா கையில் மாட்டிவிட்டுப் போனான். அதன் முள்ளைத் திருப்பி வைக்க அப்பா இன்றுவரை யாரையும் விடவில்லை. நம்ம ஊர் மணிக்குச் சுவரில் கடிகாரம் இருக்கிறது, செல்போன் இருக்கிறது. கையில் இருப்பது மகன் மணி.

"இப்ப சாப்பிட உக்காந்திருப்பான்" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, "லைட்ட அணைச்சுப் படுத்திருப்பான்" என்பார். கேட்கிறவர்கள், "பெத்த மனசு பாருங்க" என்று உருகுவார்கள். எனக்கு அப்படியே பத்திக்கொண்டு வரும். பொறாமைதான், வேறென்ன? அதற்கு அழகாக வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியாது.

நான் தஞ்சாவூரில் வாழ்க்கைப்பட்டவள். சாயங்காலம் ஆனால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவேன், ஒரு நாள் தவற மாட்டேன். வி.ஏ.ஓ. ஆபீஸில் பயிர்க் கணக்கு அடங்கலுக்கு நிற்பது நான். அம்மாவின் சுகர் மாத்திரை நான். போன குறுவையில் நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவிட்டு, முறை எப்போது வரும் என்று காத்துக் கிடந்தோம். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நானும் அப்பாவும் தார்ப்பாயை இழுத்து இழுத்து மூடினோம். தொப்பலாக நனைந்து, சேற்றில் ஒரு செருப்பையும் விட்டுவிட்டு ஒற்றைக்காலில் நிற்கிறேன். அப்பா வாட்சைத் துடைத்துப் பார்த்தார். "நல்லவேளை, இந்நேரம் ரூமுக்குப் போயிருப்பான்" என்றார். அடப்பாவமே! சிங்கப்பூரிலா மழை பெய்கிறது?

அங்கேயே முடிவு செய்தேன். அந்த வாட்ச் அவர் கையை விட்டு இறங்கணும், என்னுடையது ஏறணும்.

புதுசாக வாங்கினால் வேலைக்கு ஆகாது. அடுத்த லீவில் அண்ணன் அதைவிடப் பெரிதாக ஒன்றைக் கொண்டுவந்து என் மூக்கை உடைத்துவிடுவான். அவனுக்குத் தோன்றவே தோன்றாத ஒன்றாக இருக்க வேண்டும். அப்பாவிடம் அவர் கல்யாணத்தில் பெண் வீட்டார் போட்ட ஒரு சாவி கொடுக்கும் வாட்ச் இருந்தது. வெள்ளை டயல், மெல்லிய கறுப்பு எண்கள். அண்ணன் வெளிநாடு கிளம்பிய அன்று ஏர்போர்ட் வாசலில் அதைக் கழற்றி அவன் கையில் கட்டி அனுப்பினார். வெளிநாட்டுத் துரை அதை எந்த ரூமில் விட்டாரோ, அவருக்கே ஞாபகம் இல்லை. அதற்காக அப்பா அவனை ஒரு வார்த்தை கேட்டிருப்பார் என்கிறீர்களா? நான் ஒரு எவர்சில்வர் டம்ளரை வயலில் விட்டுவிட்டு வந்ததற்குப் பொங்கல் வரைக்கும் சொல்லிக் காட்டினார்.

அதே மாதிரி ஒன்றைத் தேடித்தான் கீழவாசல் பக்கம் பழைய வாட்ச் விற்கும் பாய் கடைக்குப் போனேன். பாய் முதலில் எடுத்து வைத்தது பளபளவென்று கண்ணைப் பறித்தது.

"டயலுக்குப் புதுசா பெயின்ட் அடிச்சிருக்கீங்களா பாய்?"

"ஆமாம்மா. பழைய வாட்ச் வேணும்னு வர்றாங்க, எடுத்துக் காட்டினா ஏன் பழசா இருக்குங்கறாங்க. நான் என்ன பண்ண?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்குப் பழசாவே இருக்கட்டும்" என்றேன். பெட்டிக்கு அடியிலிருந்து இன்னொன்று வந்தது. டயல் பழுத்துப்போய் மோர் நிறத்தில் இருந்தது. விளிம்பில் கீறல். கண்ணாடியும் வாரும் மட்டும் மாற்றியது, உள்ளே மெஷின் அந்தக் காலத்ததுதான் என்றார் பாய். சாவியைத் திருகிக் காதில் வைத்தேன். அப்பா மடியில் உட்கார்ந்து கேட்ட அதே சத்தம். அண்ணன் இறங்கியபிறகுதான் எனக்கு அந்த மடி கிடைக்கும், அது வேறு கதை. விலையும் என் கைக்கு அடக்கமாகத்தான் இருந்தது.

"யாருக்கும்மா?"

"அப்பாவுக்கு."

"குடுத்து வெச்சவரு."

"அது அவருக்குத் தெரியணுமே பாய்" என்றேன். பாய் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்.

செல்போனைப் பார்த்து நம்ம ஊர் மணியை நானே சரியாக வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அப்பா டப்பாவைத் திறந்தார். "அட, என் வாட்சு!" என்றார். காதில் வைத்தார். அம்மாவைக் கூப்பிட்டு, "உங்கப்பா போட்டது மாதிரியே இருக்கு பாரு" என்று நீட்டினார். கண் கலங்கியிருந்தது. என் கண் முன்னாலேயே அண்ணன் வாட்சைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு இதைக் கட்டிக்கொண்டார். எனக்கு விசிலடிக்கலாம் போல இருந்தது. என் முகத்தைப் பார்த்த அம்மா, "ஏண்டி, வாட்சுக்கும் வாட்சுக்குமா சண்டை?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். ஜெயித்தது நான்.

அப்பா சாவியை வெளியே இழுத்தார்.

"மணி சரியாத்தான்ப்பா இருக்கு. போன்ல பாத்து வெச்சிருக்கேன்."

காதில் வாங்கவில்லை. திருகினார், இன்னும் திருகினார். பெரிய முள் இரண்டு சுற்றும் அரைச் சுற்றும் போய் நின்றது. சாவியை அழுத்தினார்.

"அது பேட்டரிம்மா. எப்ப நின்னுடுமோன்னு பயந்துகிட்டே இருப்பேன். இதுக்கு நான் காலைல சாவி கொடுத்துட்டா நிக்காது. நல்ல காரியம் பண்ணின."

போச்சு. என் காசைப் போட்டு, வெயிலில் அலைந்து, அண்ணனுக்கு நிற்காத மணி வாங்கிக் கொடுத்திருக்கிறேன்!

"நான் வாங்கிக் கொடுத்ததுலயும் அவன்தானாப்பா?" என்று கத்தியே விட்டேன்.

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "அவன் என்ன செய்யறான்னு இதப் பாத்தாத்தானே தெரியும்? உன்னத்தான் தெரியுமே, தினமும் வர்றியே" என்றார்.

அந்த "தெரியுமே"தான் என்னைக் கொன்றது. எனக்கும் ஒருத்தர், இப்ப எங்கே இருப்பா, சாப்பிட்டிருப்பாளா என்று யோசிக்க வேண்டாமா? மறுநாள் நான் ஊருக்குப் போகவில்லை. போனையும் அணைத்துப் போட்டேன். வீட்டுக்காரரும் வேலையாக மயிலாடுதுறை போயிருந்தார். தேடினால் தேடட்டும் என்று உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கினேன். ஒரு கிலோவையும் நறுக்கியாகிவிட்டது.

இருட்டுகிற நேரத்தில் கேட் சத்தம் கேட்டது. அப்பா. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். வேட்டி முழங்கால் வரை சேறு.

"போனுக்கு என்ன கேடு வந்துச்சு உனக்கு?" தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம்.

எதிர்த்துப் பேசத்தான் வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை.

"கால்வாய்க் கரையோடதான வண்டி ஓட்டிக்கிட்டு வருவ? தண்ணி ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டுப் போவுது. நீயும் வரல, போனும் போவல. வளைவுக்கு வளைவு பஸ்ஸ விட்டு எறங்கி எறங்கிப் பாத்துட்டு வர்றேன். ஒரு எடத்துல தண்ணில என்னமோ செவப்பா தெரிஞ்சுது. உன் வண்டின்னு நெனச்சு தண்ணிக்குள்ளயே எறங்கிட்டேன்..."

படியில் அப்படியே உட்கார்ந்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு கையால் வாங்கிக் குடித்தார். வெறும் கை. இன்னொரு கையையும் பார்த்தேன். அதுவும் வெறும் கைதான்.

பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். மூச்சு நிதானமான பிறகு கேட்டார்.

"மணி என்னம்மா ஆவுது?"

அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "எந்த ஊரு மணிப்பா?" என்றேன்.

அப்பா என்னை முறைத்தார்.

"நீ இருக்கற ஊரு மணியச் சொல்லுடி."