ஒட்டுப்பால் வாடை அடித்த திமிங்கலம்

பேராக் கடலில் இரண்டு முறை திமிங்கலம் பார்த்த டயர் கடைக்காரன் நான் ஒருவன்தான். வேறு யாராவது இருந்தால் சிம்பாங் பூலாய்க்கு வரட்டும், என் கடையில் உட்கார வைத்துத் தேநீர் வாங்கித் தருகிறேன். இதுவரை யாரும் வரவில்லை.

நான் படித்தது நாலாம் வகுப்புவரை. அதற்கு மேல் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தால் என்னைத் தாங்க முடியவில்லை. பால் வாளி தூக்கினேன், பால் வெட்டினேன். மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டபோது ஈப்போவுக்கு வந்து ஒரு சீனர் கடையில் டயருக்குக் காற்றடித்தேன். இன்றைக்குக் கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு இறங்குகிற லோரிகளில் பாதி என் டயரில்தான் இறங்குகின்றன. சின்ன வயதில் மரத்திலிருந்து எடுத்த ரப்பரைப் பெரிய வயதில் சக்கரமாக விற்றவன் நான்.

என்னிடம் சர்டிபிகேட் கிடையாது. என் வாய்தான் சர்டிபிகேட். இந்த டயர் இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்று நான் சொன்னால் லோரிக்காரன் மறுபேச்சு பேசாமல் வண்டியை எடுப்பான். அப்படிப்பட்ட வாயைத்தான் திமிங்கல விஷயத்தில் யாரும் நம்பவில்லை.

முதல் தடவை பார்த்தது லூமுட் பக்கம், செம்பிலான் தீவுகளுக்கு அருகே. மீன் பிடிக்கலாம் என்று ஒரு சீனக் கிழவரின் படகை வாடகைக்கு எடுத்துப் போயிருந்தேன். இஞ்சின் விசிறியில் பழைய வலை சுற்றிக்கொண்டது. கிழவர் பின்பக்கம் குனிந்து கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார். நான் முன்னால் உட்கார்ந்து வெற்றுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது தண்ணீர் மேடாக எழுந்தது. ஒரு லோரியைவிட நீளமாக, நனைந்த டயர் நிறத்தில் ஒரு முதுகு வந்தது. புஸ் என்று மூச்சு விட்டது. போய்விட்டது. கிழவர் தலையைத் தூக்கியபோது நுரைதான் மிச்சம். லும்பா-லும்பாவா என்று கேட்டார். டால்பினா என்று அர்த்தம். டால்பினாம். டால்பினுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் சைக்கிளுக்கும் லோரிக்கும் உள்ள வித்தியாசம்.

அந்த மூச்சின் வாடைதான் முக்கியம். மரத்திலும் பால் பிடிக்கும் மங்கிலும் ஒட்டிக் காய்ந்த ரப்பரை ஒட்டுப்பால் என்போம். அதைச் சாக்கில் கட்டி ஸ்டோரில் போட்டு வைப்பார்கள். மழைக்காலத்தில் அந்த ஸ்டோர் கதவைத் திறந்தால் என்ன நாற்றம் வருமோ, அதே நாற்றம். தோட்டத்தில் பிறந்த மூக்கு அதை மறக்காது.

இதை நான் பாய் கடையில் சொன்னேன். என் கடைக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய், தினமும் நான் பசியாறும் இடம். என் மச்சானும் அங்கேதான் இருந்தான். மனைவியின் தம்பி, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன், இப்போது பாய் கடை நாற்காலியை ஓட்டிக்கொண்டிருக்கிறான். திமிங்கலம் என்று சொன்ன வரைக்கும் இருவரும் மரியாதையாகக் கேட்டார்கள். ஒட்டுப்பால் வாடை என்றதும் மச்சானுக்குத் தேநீர் புரையேறிவிட்டது.

பாய் ரொட்டியைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "அண்ணே, கடல்ல எப்போ ரப்பர் மரம் நட்டாங்க?"

அன்றோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. லோரிக்காரர்கள் காதுக்குப் போய்விட்டது. வருகிறவன் எல்லாம் "திமிங்கல டயர் இருக்கா அண்ணே" என்று கேட்க ஆரம்பித்தான். அதையும் சிரித்துத் தள்ளினேன். ஆனால் வீட்டில் என் மனைவி அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு மூளை கொஞ்சம் தடம் மாறிவிட்டதோ என்று பயந்து மகனிடம் பேசியிருக்கிறாள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் மகன் மெதுவாக ஆரம்பித்தான். ஈப்போவில் நல்ல டாக்டர் ஒருவர் இருக்கிறாராம், ஞாபக மறதிக்குப் பார்ப்பாராம். அப்புறம் சொன்னான், "கொஞ்ச நாளைக்குக் கடைச் சாவி என்கிட்ட இருக்கட்டும்ப்பா."

அந்தக் கடையின் இரும்புக் கதவைத் தினமும் நான்தான் தூக்குவேன். வேறு கை பட்டதில்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். சாவியைக் கழற்றி மேசையில் வைத்தேன். தைப்பூசத்துக்குள் அந்தத் திமிங்கலத்தை மறுபடியும் பார்ப்பேன், சாட்சியோடு பார்ப்பேன் என்றேன். பார்த்தால் சாவி திரும்பி வர வேண்டும். பார்க்காவிட்டால் சாவியை நீயே வைத்துக்கொள், டாக்டரிடமும் வருகிறேன். சாட்சிக்கு என் மச்சானையே எடுத்துக்கொண்டேன். அதிகமாகச் சிரித்தவன் அவன்தான். அவன் பார்த்தேன் என்றால் ஊரே நம்பும்.

காம்பாரில் ஒருவர் ஈயம் தோண்டிய பழைய ஈயக்குட்டையில் மீன் பிடிக்க வைத்திருந்த சின்ன பைபர் படகை வாங்கினேன். இஞ்சின் இரண்டு வருஷமாகச் செத்துக் கிடந்தது. நான் பிரித்து மாட்டினேன், உயிர் வந்தது. லோரி வாங்கினாலும் மோட்டார் சைக்கிள் வாங்கினாலும் நம் ஆட்கள் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித் தேங்காய் உடைப்பார்கள். படகுக்குச் சக்கரம் ஏது? இழுத்துப் போகும் வண்டிச் சக்கரத்தில் பழத்தை வைத்து நசுக்கினேன். தேங்காயைத் தரையில் உடைக்கச் சொன்னான் மச்சான். என் முதல் லோரிக்கு முன்பம்பரிலேயே உடைத்தவன் நான். அதே மாதிரி படகின் மூக்கில் ஓங்கி ஒரு அடி. தேங்காய் இரண்டாகப் பிளந்தது, சரிபாதி. கூட ஒரு சின்னச் சத்தமும் கேட்டது. மூக்கில் சந்தனத்தைத் தாராளமாக அப்பிக் குங்குமம் வைத்துவிட்டதால் அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

தீபாவளி முடிந்ததும் ஆரம்பித்தோம். ஞாயிறுதோறும் விடியுமுன் கிளம்பி, லூமுட்டில் படகை இறக்குவோம். கடலில் தேடுவதற்கு நான் வைத்திருந்த முறை தோட்டத்து முறை. ரப்பர் காட்டில் ஆளுக்கு ஒரு நிரை கொடுப்பார்கள். வரிசையாக ஒரு நிரையில் ஏறி, அடுத்த நிரையில் இறங்கினால் ஒரு மரம்கூடத் தப்பாது. ஒரு தீவுக்கும் இன்னொரு தீவுக்கும் நடுவே அப்படியே நேராகப் போய், கொஞ்சம் தள்ளி, நேராகத் திரும்பி வந்தேன். மரம் நகராது, திமிங்கலம் நகரும் என்று மச்சான் ஒரு பாயிண்டு சொன்னான். அவன் வாயில் நாசி லெமாக் சோறு இருந்ததால் சரியாகக் கேட்கவில்லை என்று விட்டுவிட்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, நிறையப் பார்த்தோம். ஆற்று வாய்க்குப் பக்கத்தில் ரோஜா நிறத்தில் டால்பின் கூட்டம். தட்டு மாதிரி மிதந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்த ஆமை. கடல்பாம்பு. கண்ணாடிக் குடை மாதிரி சொறிமீன்கள். ஆமையைப் பார்த்த அன்றே மச்சான் வீட்டுக்குப் போகலாம் என்றான், அதுவும் பெரிய உயிர்தானே என்றான். நான் இஞ்சினை இன்னும் கொஞ்சம் முறுக்கினேன்.

ஆனால் திமிங்கலம் வரவில்லை. மார்கழி போனது. பொங்கல் பொங்கியது. காலையில் கடைக்குப் போனால் மகன் வந்து கதவைத் திறக்கும்வரை வெளியே நிற்க வேண்டியிருந்தது. சொந்தக் கடை வாசலில் வாடிக்கையாளன் மாதிரி நின்றேன். எதிரே பாய் பார்த்தும் பார்க்காத மாதிரி மேசை துடைப்பார். கேலி செய்வதையும் நிறுத்தியிருந்தார். கேலியைவிட அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தைப்பூசத்துக்கு முந்தின கடைசி ஞாயிறு. அன்று இஞ்சினுக்குக் கூடுதலாக எண்ணெய் ஏற்றிக்கொண்டு, வழக்கமாகத் திரும்பும் இடத்தையும் தாண்டிப் போனேன். அலை கொஞ்சம் தூக்கிப் போட்டது. படகு பாரத்தோடு மூக்கால் தண்ணீரை அடித்து அடித்துப் போனது. கொஞ்ச நேரம் கழித்து மச்சான் கீழே பார்த்தான்.

"மாமா, என் செருப்பு மிதக்குது."

கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். முன்னால் போய்த் தடவினேன். மூக்கின் உள்பக்கம் தேங்காய் விழுந்த இடத்தில் முடி மாதிரி ஒரு கீறல் தொடங்கி, ஒரு சாண் நீளத்துக்கு வாய் விட்டிருந்தது. இத்தனை நாளும் தண்ணீருக்கு மேலே இருந்த கீறல், பாரமும் அலையும் சேர்ந்ததும் தண்ணீருக்குள் போய்விட்டது.

மச்சான் எட்டிப் பார்த்தான். "தரையில ஒடைங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா? லோரின்னு நெனச்சிட்டாரு."

வேறு ஆளாக இருந்தால் பதறியிருப்பான். நான் இஞ்சினை நிறுத்தினேன். எண்ணெய்த் தகரங்களையும் மச்சானையும் பின்னால் அனுப்பினேன். மச்சான் கனமான ஆள், மூக்கு தானாகவே தண்ணீருக்கு மேல் ஏறிவிட்டது. டயர்க்காரன் எங்கே போனாலும் ஒட்டுப் போடும் சாமான் இல்லாமல் போகமாட்டான். கீறலைத் துணியால் துடைத்து, அரத்தால் தேய்த்து, பசை பூசி, டியூப் ரப்பரை வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன். பசை பிடிக்கும்வரை கையை எடுக்கக் கூடாது. மச்சான் வாளியால் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான்.

இத்தனை ஞாயிறும் இஞ்சின் சத்தத்தோடுதான் தேடியிருந்தோம். முதல் தடவையாகக் கடல் அமைதியாக இருந்தது. தண்ணீர்மேல் மழைத்தூறல் விழுவது மாதிரி நெத்திலிக் கூட்டம் துள்ளியது. எங்கிருந்தோ பறவைகள் வந்து மேலே சுற்றின. நான் கையை அழுத்திக்கொண்டு, முகம் படகின் உள்பக்கத்தோடு ஒட்டி, பசையின் வாடையைத்தான் மோந்துகொண்டிருந்தேன்.

வாளிச் சத்தம் நின்றது.

"மாமா," என்றான் மச்சான், குரலே மாறியிருந்தது. "ஒட்டுப்பால் வாடை அடிக்குது."

நான் சொல்லவில்லை. அவன் சொன்னான். அவனும் அதே தோட்டத்தில் பிறந்தவன்தானே. நான் கையை எடுக்கவில்லை. எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டேன். நான் தோளுக்கு மேலே கழுத்தைத் திருப்பினேன்.

நெத்திலிக் கூட்டத்துக்கு நடுவில் தண்ணீர் கிண்ணம் மாதிரி குழிந்து, அப்புறம் வாய் எழுந்தது. முதுகைத்தான் முதல் தடவை பார்த்திருந்தேன், வாயைப் பார்த்ததில்லை. என் கடை இரும்புக் கதவைப் பாதி தூக்கி வைத்த மாதிரி ஒரு வாய். ஓரங்களில் நெத்திலி வழிந்தது. பறவைகள் அதன் வாய்க்குள்ளேயே கொத்தின. அது வாயை மூடி, அவசரமே இல்லாமல் சாய்ந்து உள்ளே போனது. மறுபடியும் இந்தப் பக்கம் வந்தது. படகுத் துடுப்பை நீட்டினால் தொடலாம். மூச்சு விட்டது. எங்கள் இருவர் தலையிலும் தூறலாக விழுந்தது. நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம்.

அது எங்களைப் பார்த்ததா என்று தெரியாது. சாய்ந்தபோது அதன் கண் தெரிந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நிற்கிற எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அது என்னை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. நானும் பேசவில்லை. நான் பேசாமல் இருந்ததை மச்சான் இன்றுவரை அதிசயமாகச் சொல்கிறான்.

ஒரு கையால் படகைக் காப்பாற்றிக்கொண்டே திமிங்கலம் பார்த்தவன் இந்த நாட்டில் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள். பசை பிடித்துவிட்டது. லூமுட் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. தேங்காயை மூக்கில் உடைத்தது தப்பு என்று மச்சான் சொல்வான். உடைக்காவிட்டால் கீறல் இல்லை, கீறல் இல்லாவிட்டால் இஞ்சினை நிறுத்தியிருக்க மாட்டேன், அந்தச் சத்தத்துக்கு அது பக்கத்திலேயே வந்திருக்காது. ஆக, தப்பு யார் பக்கம்?

மச்சான் கைப்பேசியில் படம் பிடித்திருந்தான். போட்டுப் பார்த்தோம். வானம், அவன் முழங்கால், மறுபடியும் வானம், "முருகா முருகா" என்று அவன் குரல். அவ்வளவுதான்.

நேரே பாய் கடைக்குத்தான் போனோம். பாய் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "அண்ணே, உள்ள உக்காராதீங்க, வெளிய மேசை போட்டுத் தரேன்," என்றார். மச்சான்தான் நின்றுகொண்டே எல்லாம் சொன்னான், கையை விரித்துக் காட்டினான், வாடையைப் பற்றி மட்டும் மூன்று தடவை சொன்னான். அவன் காட்டிய நீளம் கொஞ்சம் அதிகம். அவ்வளவு இல்லை என்று நான்தான் திருத்தினேன். பாய் அடுப்பை விட்டு வந்து என் தோள் பக்கம் குனிந்து மோந்து பார்த்தார். அவருக்கு ஒட்டுப்பால் தெரியாது, ஆனாலும் தலையாட்டினார்.

வீட்டில் அது போதாது என்று எனக்குத் தெரியும். மச்சான் சொன்னால் ஊர் நம்பும், அவன் அக்கா நம்பமாட்டாள். நானும் அவனும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டோம் என்பாள். மகன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். மச்சான் கைப்பேசியை நீட்டினான். அவள் அதைப் பார்க்கவே இல்லை. வாசலிலேயே என்னை நிறுத்தி, சட்டையைக் கழற்றச் சொன்னாள், இந்த நாற்றத்தோடு உள்ளே வரக் கூடாது என்றாள். கழற்றிக் கொடுத்தேன். விரல் நுனியில் பிடித்து வாளிப் பக்கம் கொண்டுபோனவள் பாதி வழியில் நின்றாள். சட்டையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

அவள் அப்பா தோட்டத்தில் ஒட்டுப்பால் ஸ்டோரில் வேலை பார்த்தவர்.

"எங்கப்பா சட்டை இப்படித்தான் நாறும்," என்றாள். அப்புறம் திரும்பி மகனைப் பார்த்தாள். "அப்பாகிட்ட சாவிய குடுத்துடு."

மகன் எழுந்து வந்து போட்டிருந்த சிலுவார் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தான். அடுத்த ஞாயிறு நானும் வரட்டுமா என்று கேட்டான். மச்சான் பின்னால் உட்காரணும், நீ நடுவில் உட்காரலாம் என்றேன்.

மறுநாள் காலை பாய் அடுப்பு மூட்டும் முன்னாலேயே இரும்புக் கதவைத் தூக்கினேன். மலையிலிருந்து இறங்கிய முதல் லோரி கடை முன்னால் நின்றது. ஓட்டி வந்தவன் தலையை வெளியே நீட்டி, "அண்ணே, திமிங்கல டயர் இருக்கா?" என்றான்.

"இருக்கு," என்றேன். "எந்த சைஸ் வேணும், சொல்லுலா."